எந்த விமானத்தில் போகலாம்?

"கோலாலம்பூருக்கு எந்த விமானத்தில் போகலாம், உஸ்தாத்?" என்று என்னிடம் கேட்போர் பலர். மார்க்கச் சட்டம் கேட்க வேண்டிய ஆசிரியரிடம் விமானக் கட்டணம் கேட்கிறார்களே என்று நீங்கள் வியக்கக் கூடும். காரணம் இல்லாமல் இல்லை. நான் சிங்கப்பூரில் மத்ரஸா ஆசிரியனாகப் பணி புரிபவன். என் தாயார் வசிப்பதோ கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில், என் மூத்த சகோதரரின் இல்லத்தில். அவர்கள் 2016ஆம் ஆண்டு முதல் செவ்வாய், வியாழன், சனி என வாரத்துக்கு மூன்று நாட்கள் இரத்தச் சுத்திகரிப்புச் செய்து கொள்பவர்கள். எனக்கோ வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவு வரை ஓயாத பாடங்கள். ஆகவே இரு வாரங்களுக்கு ஒரு முறை திங்கட்கிழமை பிற்பகல் புறப்பட்டு, செவ்வாய்க்கிழமை சிகிச்சையின்போது உம்மாவின் அருகிலிருந்து, புதன் இரவு வீடு திரும்புவது என் வழக்கமாகிவிட்டது. கொரோனாப் பெருந்தொற்று எல்லைகளை அடைத்த காலம் நீங்கலாக, இத்தடத்தில் பறக்கும் ஏறத்தாழ எல்லா நிறுவனங்களின் இருக்கைகளிலும் நான் அமர்ந்திருக்கிறேன்.

இந்தச் சிறிய தடத்துக்கு ஒரு பெரிய பெயர் உண்டு. உலகிலேயே மிக அதிகமான விமானங்கள் பறக்கும் அனைத்துலகத் தடம் இதுவே என்று 2018இல் கணக்கிடப்பட்டது. அதற்கு முந்தைய ஓராண்டில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட விமானங்கள் இவ்விரு நகரங்களுக்கிடையே பறந்தனவாம். இத்தனைக்கும் வான்வழித் தூரம் சுமார் 300 கிலோமீட்டர்தான். கால அட்டவணையில் ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும் என்று போட்டிருப்பார்கள். வானில் இருப்பது முக்கால் மணி நேரமே. இருக்கைப் பட்டையைக் கழற்றலாம் என்ற அறிவிப்புக்கும், மீண்டும் மாட்டிக் கொள்ளுங்கள் என்ற அறிவிப்புக்கும் இடையே ஒரு யாசீன் ஓதி முடிக்கலாம், அவ்வளவுதான்.

பழைய கதையை அறியாதவர்க்கு ஒரு சொல். 1947ஆம் ஆண்டு மே மாதம் மலாயன் ஏர்வேஸ் தன் முதல் வணிகப் பயணத்தைத் தொடங்கியபோதே, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்றுதான் பறந்தது. பின்னர் இரு நாடுகளும் கூட்டாக நடத்திய நிறுவனம் 1972இல் இரண்டாகப் பிரிந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றும், மலேசிய விமான நிறுவனம் என்றும் ஆயிற்று. அதன் பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தடம் பெரும்பாலும் அவ்விரு நிறுவனங்களின் கையிலேயே இருந்தது. ஓர் ஆசிரியர் குடும்பம் பெருநாளுக்குப் பெருநாள்கூட விமானத்தை நினைத்துப் பார்க்க முடியாத காலம் அது. பேருந்தும், தஞ்சோங் பகார் நிலையத்து இரயிலுமே எங்களுக்குக் கதி. 2008 பெப்ரவரியில் மலிவுக் கட்டண நிறுவனங்களுக்கு ஓரளவு கதவு திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் முழுவதும் திறந்தது. ஏர் ஏஷியா, டைகர், ஜெட்ஸ்டார் ஏஷியா ஆகியவை வந்தன. எங்களைப் போன்றோர் விமான நிலையத்துக்குள் காலெடுத்து வைத்தது அதன் பிறகுதான். தஞ்சோங் பகார் நிலையம் 2011 ஜூன் 30உடன் மூடப்பட்டது. வரும் என்று சொல்லப்பட்ட அதிவேக இரயிலும், உடன்பாடு காலாவதியாகி, 2021 பிறக்கும்போதே கைவிடப்பட்டது.

"பேருந்தில் போனால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பேருந்து ஐந்தரை மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும். உட்லண்ட்ஸிலோ துவாஸிலோ குடிநுழைவு வரிசை நீண்டுவிட்டால் எட்டு மணி நேரமும் ஆகும். விமானத்துக்கோ வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறேன்; பறத்தல் ஒரு மணி நேரம்; இறங்கி, குடிநுழைவு முடிந்து, சிப்பாங்கிலிருந்து செந்தூல் போய்ச் சேர மேலும் ஒன்றரை மணி நேரம். ஆக ஐந்து மணி நேரம்! ஐம்பது நிமிடப் பயணம் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அந்த ஐம்பது நிமிடத்தைச் சுற்றிலும் நான்கு மணி நேரம் தரையிலேயே கழிகிறது.

இந்த உண்மையை முதலில் கண்டுபிடித்தவர் என் துணைவியார். ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஒவ்வொரு பயணத்துக்கும் கோடு போட்டு எழுதி வருகிறார்: விமானத்தின் பெயர், கட்டணம், பைக்குக் கொடுத்தது, வாடகை வண்டி, வீட்டு வாசலிலிருந்து உம்மாவின் கட்டில் வரை ஆன நேரம். அந்த நோட்டு இல்லாவிட்டால் நானும் மற்றவர்களைப் போலக் கட்டணத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருப்பேன்.

முதலில் கட்டணத்தையே எடுத்துக் கொள்வோம். மலிவுக் கட்டண விமானத்தில் முன்கூட்டியே பதிவு செய்தால், போக வர 120 வெள்ளிக்குள் எனக்கு முடிந்ததுண்டு. முழுக் கட்டண நிறுவனங்களில் அதன் இரு மடங்கு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாங்கியிலிருந்து புறப்படும் ஒவ்வொருவரும் விமான நிலையக் கட்டணமாகவும் தீர்வையாகவும் 65.20 வெள்ளி செலுத்துகிறோம். 2024 ஏப்ரல் முதல் இதுவே விகிதம். இது எந்த நிறுவனத்தில் பறந்தாலும் ஒன்றே. ஆகவே "அங்கே 40 வெள்ளி, இங்கே 100 வெள்ளி" என்று விளம்பரம் பார்த்து மகிழ்வதற்கு முன், இந்தத் தொகை அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து திரும்பும் சீட்டு எப்போதும் மலிவாகத் தோன்றுவதற்கும் இதுவே பெருங்காரணம். அங்கே இக்கட்டணம் மிகக் குறைவு.

அடுத்தது பை. ஸ்கூட் கைப்பைகளுக்கு 10 கிலோ வரை அனுமதிக்கிறது. ஏர் ஏஷியா 7 கிலோ. மூன்று கிலோவில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? உம்மாவுக்கென்று நான் கொண்டு செல்வது ஒரு வார உடுப்பல்ல; மருந்துப் பெட்டி, உப்புக் குறைந்த பிஸ்கட், என் துணைவியார் சமைத்து உறைய வைத்துக் கொடுக்கும் உணவு. தராசில் அவை பொல்லாதவை. நுழைவாயிலில் நிறுத்திப் பையை எடை போட்டுப் பணம் கட்டச் சொன்னால், மலிவுச் சீட்டின் இலாபம் அங்கேயே கரைந்துவிடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் மிகக் குறைந்த கட்டணச் சீட்டுக்கே 25 கிலோ பெட்டி அனுப்பலாம். பெருநாளுக்கு முந்தைய பயணத்தை நாங்கள் அதில் வைத்துக் கொள்வதற்கு அதுவே காரணம். அந்தஸ்துக்காக அல்ல என்பதை உறவினர்கள் சிலருக்கு இன்னும் விளக்கிக் கொண்டிருக்கிறேன்.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு மணி நேரப் பயணத்தில் உணவு எதற்கு? என்றாலும் என் தாயார் விமான நிறுவனங்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: "கடலை விமானம்", "காசு விமானம்". மலேசியா ஏர்லைன்ஸில் கொடுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை ஒரு முறை பிரிக்காமல் கொண்டு போனேன். உம்மாவுக்குக் கடலை ஆகாது. வைத்துப் பார்த்துவிட்டுப் பேரனிடம் கொடுத்தார்கள். அன்று முதல் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்குக் கடலையா, காசா?" என்று கட்டிலிலிருந்து குரல் வரும். மலேசியா ஏர்லைன்ஸின் உணவு முழுவதும் ஹலால். ஏர் ஏஷியாவில் விற்கும் 'பாக் நாசர்' நாசி லெமாக் சுவையானதுதான். ஆனால் அது கைக்கு வந்து சேர்வதற்குள் விமானம் இறங்கத் தொடங்கிவிடும். வெந்நீர்க் குவளையை மடியில் வைத்துக் கொண்டு திண்டாடியவர்களை நான் கண்டதுண்டு.

இருக்கைகளைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதுகின்றன. என் பார்வையில் இத்தடத்தில் அதற்குப் பொருளே இல்லை. சில நாட்களில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நீண்ட தூர நகரங்களுக்குப் போகும் அகலமான விமானத்தையே இந்த ஒரு மணி நேரத்துக்கும் அனுப்புகிறது. திரையில் படம் உண்டு. பாதிப் படம் பார்க்கக்கூட நேரமில்லை. முழங்கால் இடிக்கும் இருக்கையானாலும் முக்கால் மணி நேரம் பொறுத்துக் கொள்ளலாம்.

தரையைக் கவனியுங்கள் என்பதே என் ஆலோசனை. கோலாலம்பூரின் பெரிய விமான நிலையம் நகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால், சிப்பாங்கில், 1998இல் திறக்கப்பட்டது. மலிவுக் கட்டண விமானங்களை முன்னிட்டு அமைத்த இரண்டாம் முனையம் 2014 மே மாதம் வந்தது. விரைவு இரயில் முதல் முனையத்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு 28 நிமிடத்தில் போகும். இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடம். கட்டணம் 55 ரிங்கிட். இது சில நேரம் விமானச் சீட்டின் பாதிக்கு வந்துவிடும்! ஐந்து நிமிட வேறுபாடு பெரிதல்ல. ஆனால் இரண்டாம் முனையத்தில் விமானத்திலிருந்து குடிநுழைவு வரை நடக்கும் நடை இருக்கிறதே, அது முதியவர்களைச் சோதித்துவிடும். முதல் முனையத்துக்கும் ஒரு குறை இருந்தது. துணைக் கட்டடத்தில் நிற்கும் விமானங்களின் பயணிகளை ஏற்றிவந்த சிறு இரயில் 2023 மார்ச்சில் நின்று, 2025 ஜூலையில்தான் மீண்டும் ஓடியது. இடைப்பட்ட காலம் முழுவதும் பேருந்துக்குக் காத்திருந்தோம். அந்நாட்களில் "எந்த விமானம்?" என்பதை விட, "எந்தக் கட்டடத்தில் நிற்கும்?" என்பதே என் கேள்வியாக இருந்தது.

இந்த வகையில் என் மனத்தைக் கவர்ந்தது ஃபயர்ஃபிளை. இரு புறமும் விசிறி சுழலும் சிறு விமானம். நகருக்கு அருகிலுள்ள பழைய சுபாங் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டது. சிங்கப்பூரில் முன்பு சாங்கியில் இறங்கியது. இரு நாடுகளுக்கிடையே வான்வழி விவகாரம் எழுந்து 2018 டிசம்பரில் சேவை நின்று, 2019 ஏப்ரலில் செலேத்தார் விமான நிலையத்துக்கு மாறியது. செலேத்தார் மிகச் சிறிய நிலையம். வாசலில் இறங்கினால் பத்து நிமிடத்தில் எல்லாச் சோதனையும் முடிந்துவிடும். சுபாங்கில் இறங்கிச் செந்தூலுக்கு வாடகை வண்டியில் அரை மணி நேரம். துணைவியாரின் நோட்டில் வாசல் முதல் கட்டில் வரை மிகக் குறைந்த நேரம் எழுதப்பட்டிருப்பது அதன் பெயருக்கு நேரேதான்: மூன்று மணி இருபது நிமிடம். பறக்கும் நேரம் என்னவோ ஜெட் விமானத்தை விடக் கூடுதல்!

ஆயினும் அதை என் வழக்கமான விமானமாகக் கொள்ள இயலவில்லை. ஒரு நாளைக்குச் சில பயணங்களே இருந்தன. ஒன்று தவறினால் அடுத்தது நெடுநேரம் கழித்து. உம்மா ஒரு முறை என் மகளின் திருமணத்துக்காகச் சிங்கப்பூர் வந்தபோது, அருகிலுள்ள நிலையமாயிற்றே என்று அதில் அழைத்து வரவே எண்ணினோம். சிறு விமானத்தில் திறந்த வெளியில் படிக்கட்டு ஏற வேண்டும். படிகள் ஏழெட்டுதான், ஆனால் உம்மாவால் அவற்றை ஏற முடியாது. எனவே, பாலத்தின் வழியாகச் சக்கர நாற்காலியை விமான வாசல் வரை கொண்டு போகக் கூடிய பெரிய விமானத்துக்கு மாற்றினோம். சக்கர நாற்காலியை எந்த நிறுவனமானாலும் முன்கூட்டியே கேட்டுப் பதிந்து வைக்க வேண்டும். நேரில் போய்க் கேட்டால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். சிகிச்சை பெறுவோருக்கு மருத்துவரின் கடிதமும் கையில் இருப்பது நன்று.

இனிச் சொல்லப் போவதுதான் என் மதிப்பீட்டையே மாற்றியது. 2018இல் உம்மாவின் கையில், சுத்திகரிப்புக்கு வசதியாக இரத்தக் குழாய்களை இணைக்கும் அறுவைச் சிகிச்சை செய்ய நாள் குறித்தார்கள். காலை எட்டு மணிக்கு அறுவை. "நீ இருந்தால் போதும்" என்று உம்மா சொல்லியிருந்தார்கள். முந்தைய இரவு கடைசி விமானத்தில் எனக்கு இடம். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். முதலில் நாற்பது நிமிடம் தாமதம் என்றார்கள். பிறகு மேலும் ஒரு மணி நேரம். இரவு பதினொன்றரைக்கு, இன்றைய விமானம் இல்லை, காலையில் அனுப்புகிறோம் என்றார்கள். அந்த நேரத்தில் வேறு எந்த நிறுவனத்துக்கும் விமானம் மிச்சமில்லை. இரவு முழுவதும் அங்கேயே அமர்ந்திருந்தேன். நான் மருத்துவமனையை அடைந்தபோது மணி பத்தரை. உள்ளே கொண்டு போகும் வரை, "அவன் வந்துட்டானா?" என்று உம்மா கேட்டுக் கொண்டிருந்தார்களாம். நானா அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்லபடியாக முடிந்து வெளியே வந்த உம்மா கண் விழித்ததும் கேட்ட கேள்வி: "சாப்பிட்டியா?"

மலேசியாவில் 2016 முதல் விமானப் பயணிகளின் பாதுகாப்புக்கென ஒரு விதித்தொகுப்பு உண்டு. இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் உணவு தர வேண்டும். ஐந்து மணி நேரத்தை எட்டி, இரவு தங்கவும் நேர்ந்தால் தங்குமிடம் தர வேண்டும். 2024 செப்டம்பரில் செய்த திருத்தத்தின்படி, ஐந்து மணி நேரம் தாமதமானால் பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம். எந்த வழியில் செலுத்தினோமோ அதே வழியில், 30 நாட்களுக்குள் தர வேண்டும். இவற்றை அன்றிரவு எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள்; கேட்டால்தான் கிடைக்கும். ஆனால் எந்த விதியும் அந்தக் காலை எட்டு மணியை எனக்குத் திருப்பித் தராது.

அதன் பின் துணைவியாரின் நோட்டில் ஒரு கட்டம் கூடிற்று: "இதற்குப் பிறகு எத்தனை?" அதாவது நாம் ஏறும் விமானத்துக்குப் பின், அதே நாளில், அதே நிறுவனத்துக்கு இன்னும் எத்தனை விமானங்கள் இருக்கின்றன என்பது. மறுநாள் காலையில் முக்கியக் காரியம் இருந்தால் கடைசி விமானத்தில் நாங்கள் சீட்டு எடுப்பதே இல்லை. 40 வெள்ளி கூடினாலும் சரி, பின்னால் இரண்டு விமானமாவது உள்ள நேரத்தையே எடுக்கிறோம். இந்தக் கட்டத்தில் ஒவ்வொரு நிறுவனமும் வேறு முகம் காட்டுகிறது. கட்டணத்தில் முதலிடம் பெற்றது இங்கே பின் தங்குகிறது. நாளெல்லாம் வரிசையாக விமானம் வைத்திருப்பவை முன்னே வருகின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சீட்டில் மலேசியா ஏர்லைன்ஸ் விமானத்தையும், அவர்கள் தம் சீட்டில் இவர்கள் விமானத்தையும் விற்கும் ஏற்பாடு இருப்பதால், அவ்விரண்டிலும் தெரிவுகள் அதிகம். ஏர் ஏஷியாவும் எண்ணிக்கையில் சளைத்ததல்ல. அதை மலிவு என்பதற்காக மட்டும் மதிப்பது சரியல்ல.

2023இல் ஒரு ஞாயிறு, அஸருக்குப் பின் பாடம் நடந்து கொண்டிருந்தபோது நானா அழைத்தார். "தம்பி, உம்மாவுக்கு மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். முடிஞ்சா கிளம்பி வா." மறுநாள் பிற்பகலுக்கு மலிவுச் சீட்டு என்னிடம் இருந்தது; அதை மாற்ற முடியாது. அதை விட்டுவிட்டு, அன்றிரவு எட்டு மணிக்கு மேல் புறப்படும் விமானத்தில், தேதியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக் கொள்ளும் உரிமையுள்ள முழுக் கட்டணச் சீட்டு எடுத்தேன். போக வர 480 வெள்ளி. என் மாத வருமானத்தில் அது எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. நள்ளிரவுக்கு முன் உம்மாவின் கட்டில் அருகே இருந்தேன். நுரையீரலில் நீர் சேர்ந்திருந்தது. அவசரமாகச் சுத்திகரிப்புச் செய்தார்கள். திரும்பும் நாளை மூன்று முறை மாற்றினேன். ஒரு முறையும் எவரும் காரணம் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. ஆறாம் நாள் உம்மா வீட்டுக்கு வந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். நோட்டில் அந்த வரிக்கு நேரே துணைவியார் 480 என்று எழுதி, அடியில் கோடு போட்டிருக்கிறார். அதிகம் என்று கோடு போட்டாரா, நியாயம் என்று கோடு போட்டாரா என்று நான் கேட்டுக் கொள்ளவில்லை.

எல்லை மூடிய காலத்தையும் சொல்லிவிட வேண்டும். 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை, இருபது மாதங்கள், எங்கள் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. உம்மாவைக் கைப்பேசித் திரையில் மட்டுமே பார்த்தேன். 2021 நவம்பர் 29 அன்று, தடுப்பூசி போட்டுக் கொண்டவர்களுக்கென்று சாங்கிக்கும் கோலாலம்பூருக்கும் இடையே தனிப் பயணத்தடம் திறந்தார்கள். அதற்கென்று குறிப்பிட்ட விமானங்களில் மட்டுமே ஏறலாம், இறங்கியதும் பரிசோதனை. அப்போது எந்த நிறுவனம், எவ்வளவு கட்டணம் என்று யார் பார்த்தார்கள்? கிடைத்த இருக்கையில் உட்கார்ந்தோம். என்னருகே அமர்ந்திருந்த சீனப் பெரியவர் வழி முழுவதும் ஒரு குழந்தையின் புகைப்படத்தைப் பார்த்துக் கொண்டே வந்தார். அவர் இன்னும் நேரில் காணாத பேத்தியாம்.

தொழுகையைப் பற்றி என் மாணவர்கள் கேட்பதுண்டு. "ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறீர்களே, பயணியின் சலுகை உங்களுக்கும் உண்டா?" உண்டு. சலுகை தூரத்தையும் பயணத்தையும் பொறுத்தது, களைப்பைப் பொறுத்ததல்ல. 300 கிலோமீட்டர் என்பது நம் இமாம்கள் சொல்லும் அளவை நன்றாகவே கடந்துவிடுகிறது. ஆயினும் நேரம் பார்த்துச் சீட்டு எடுத்தால் பெரும்பாலும் தொழுகையை நிதானமாகவே நிறைவேற்றலாம். பிற்பகல் விமானம் எனக்குப் பிடித்தமானதற்கு அதுவும் ஒரு காரணம்: லுஹரை வீட்டில் தொழுதுவிட்டுப் புறப்படலாம், அஸரை அங்கே தொழலாம். கோலாலம்பூர் நிலையத்தில் சூராவைத் தேட வேண்டியதே இல்லை. சாங்கியில் எல்லா மதத்தவர்க்கும் பொதுவான அமைதியறை உண்டு. கொஞ்சம் விசாரித்துப் போக வேண்டும்.

நோன்புக் காலத்தில்தான் வேடிக்கை. கோலாலம்பூர் சிங்கப்பூருக்கு மேற்கே இருப்பதால் அங்கே சூரியன் ஏழெட்டு நிமிடம் பிந்தி மறைகிறது. மேலே பறப்பவருக்கோ இன்னும் பிந்தி மறையும். சாங்கியில் பாங்கு சொல்லும் நேரம் ஆகிவிட்டது என்று கைக்கடிகாரம் காட்டும். சன்னலுக்கு வெளியே சூரியன் விமான இறக்கையின் மேல் பளிச்சென்று நிற்கும். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக் கொண்டு சூரியன் மறைவதைக் கண்ணால் பார்த்த பிறகே நோன்பு திறக்க வேண்டும். அந்த மாதத்தில் நான் சன்னலோர இருக்கைக்குத் தனிக் காசு கொடுப்பதுண்டு.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். ஜெட்ஸ்டார் ஏஷியா 2025 ஜூலை 31உடன் தன் சேவையை நிறுத்திக் கொண்டது. இருபது ஆண்டுகள் பறந்த நிறுவனம் அது. எங்கள் நோட்டில் திங்கட்கிழமைகளில் அதிகம் காணப்படும் பெயர்களுள் அதுவும் ஒன்று. டைகர் 2017இலேயே ஸ்கூட்டுடன் இணைந்துவிட்டது. மாலிண்டோ 2022இல் பாத்திக் ஏர் என்று பெயர் மாற்றிக் கொண்டது. ஜெட்ஸ்டார் நின்ற அதே மாதத்தில், சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் மலேசியா ஏர்லைன்ஸும் கட்டணத்தையும் கால அட்டவணையையும் சேர்ந்து வகுத்துக் கொள்ளும் கூட்டு முயற்சிக்குச் சிங்கப்பூரின் போட்டித்தன்மை ஆணையம் நிபந்தனையுடன் ஒப்புதல் வழங்கியது. இத்தடத்தில் இருக்கைகளின் எண்ணிக்கையைக் கொரோனாவுக்கு முந்தைய அளவில் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த நிபந்தனையின் சாரம்.

இதை நல்லது என்பதா, கெட்டது என்பதா? அவசரத்தில் ஓடுபவனுக்கு, இருவரின் விமானங்களும் ஒரே வரிசையில் வந்து நிற்பது வசதி. எதிலாவது ஏறிப் போய்விடலாம். ஆனால் 1972க்குப் பின் அவ்விரு நிறுவனங்கள் மட்டுமே இருந்த காலத்தில் என் போன்றோர் விமானம் ஏறவேயில்லை என்பதை நான் மறக்கவில்லை. இன்று எங்களுக்கு விமானம் கிட்டியதற்குக் காரணம், மலிவுக் கட்டண நிறுவனங்கள் வந்து போட்டி போட்டதுதான். அவற்றில் ஒன்று போய்விட்டது. எஞ்சியிருக்கும் ஏர் ஏஷியாவும், ஸ்கூட்டும், பாத்திக்கும் எத்தனை விமானங்களை இத்தடத்தில் வைத்திருக்கப் போகின்றன என்பதைப் பொறுத்தே எங்கள் திங்கட்கிழமைகள் அமையும். அதிலும் ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிள்ளை என்பதை வாசகர்கள் அறிவீர்கள்.

ஆகவே என்னிடம் வந்து கேட்போரிடம் நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்விகள்: திரும்பும் நாள் உறுதியா? உங்களுக்காக அங்கே யாரேனும் மணி பார்த்துக் காத்திருக்கிறார்களா? கூட வருபவர் படி ஏறுவாரா? நாள் உறுதி, காத்திருப்பவர் இல்லை, எல்லாரும் திடகாத்திரம் என்றால், கிடைப்பவற்றுள் மலிவானதை எடுங்கள். கைப்பையை மட்டும் வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். சென்ற வாரம் கேட்ட ஓர் இளைஞருக்கு மனைவியின் பிரசவம் கோலாலம்பூரில் நடக்கவிருக்கிறது, நாள் தெரியாது. மாற்றக் கூடிய சீட்டு எடுக்கச் சொன்னேன். விலையைக் கேட்டுத் தயங்கினார். அவரை என் துணைவியாரிடம் அனுப்பினேன். நோட்டை எடுத்துக் கொண்டு இருவரும் சமையலறை மேசையில் வெகு நேரம் கணக்குப் போட்டார்கள். கடைசியில் போவதற்கு மாற்றக் கூடிய சீட்டும், வருவதற்கு மலிவுச் சீட்டும் என்று முடிவாயிற்று. குழந்தை பிறந்த பிறகு திரும்புவதற்கு என்ன அவசரம் என்று என் துணைவியார் கேட்டாராம்.